கடைசியா எப்ப மாத்துனது?

இந்த எபிசோடு ஒரு மன்னிப்புல ஆரம்பிக்குது.

போன ஐப்பசி மழையில, ராத்திரி பத்து மணி வாக்குல எனக்கு ஒரு போன். பேசினவர் மதுரைக்கு மேற்கே, சோழவந்தான் பக்கத்து ஊர்க்காரர். வயசு அறுபதுக்கு மேல இருக்கும்.

"தம்பி, கம்மாய் விவரமெல்லாம் நெட்ல போடுறது நீங்கதானே?"

"ஆமாங்கய்யா, சொல்லுங்க."

"எங்க கம்மாய் மறுகால் அடைச்சுக் கெடக்குன்னு போட்டிருக்கீங்க. நேத்துத் தேதி போட்டிருக்கு. அதைப் பார்த்துட்டுப் பயலுக நாலு பேரு மம்பட்டியத் தூக்கிக்கிட்டுக் கொட்டுற மழையில கரைமேல போயிருக்கானுங்க. போய்ப் பார்த்தா மறுகால் நல்லாத்தான் ஓடுது. அதை எடுத்துவிட்டு ரெண்டு வருசம் ஆச்சு தம்பி. ஒருத்தன் வழுக்கி விழுந்து கால் பிசகிக் கெடக்கான். நீங்க அதை எப்பப் பார்த்தீங்க?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. இன்னைக்குப் பேசப் போறது அதைப் பத்தித்தான். ஒரு விஷயம் கடைசியா எப்ப மாறுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? கம்ப்யூட்டர்ல ஆரம்பிச்சு, ஒத்தக்கடை யானைமலைக்குப் போயி, 1,250 வருஷத்துக்கு முந்தின ஒரு நில வழக்கு வரைக்கும் போயிட்டு வருவோம்.

எல்லாப் பக்கமும் ஒரே நாள்ல பிறந்த கதை

நாங்க அஞ்சு நண்பர்கள் சேர்ந்து மதுரையைச் சுத்தி இருக்கிற கண்மாய்களுக்கு ஒரு சின்ன விக்கி நடத்துறோம். ஒரு கண்மாய்க்கு ஒரு பக்கம். எந்த வரத்துக்கால் வழியா தண்ணி வருது, எத்தனை மடை இருக்கு, எந்த மடை வேலை செய்யுது, மறுகால் தண்ணி அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகுது, இதெல்லாம் அதுல இருக்கும். எல்லாமே சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். கிட்ல வச்சிருக்கோம். அதுலருந்து வெப் பக்கம் உருவாக்குற ஸ்கிரிப்ட் நான் எழுதினது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில "கடைசியாக மாற்றியது"ன்னு ஒரு தேதி வரும்.

அந்த போன் வந்ததுக்கு முந்தின நாள், பழைய சர்வரை விட்டுட்டுப் புது சர்வருக்கு மாறியிருந்தேன். கிட் குளோன் பண்ணேன், ஸ்கிரிப்டை ஓட்டினேன், தூங்கிட்டேன். போனுக்கு அப்புறம் லேப்டாப்பைத் திறந்து பார்த்தா, எல்லாப் பக்கத்துலயும் ஒரே தேதி, ஒரே நிமிஷம். மூணு வருஷத்துக்கு முன்னாடி எழுதின பக்கமும், முந்தின வாரம் எழுதின பக்கமும் ஒண்ணாப் பிறந்த மாதிரி நின்னுச்சு.

என்ன நடந்துச்சு? யூனிக்ஸ் வழி வந்த சிஸ்டம்கள்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் மூணு நேரம் உண்டு. கடைசியா படிச்ச நேரம் ஏடைம். உள்ளடக்கம் கடைசியா மாறின நேரம் எம்டைம். சிடைம்னு மூணாவது ஒண்ணு. அதை ஃபைல் உருவான நேரம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது அப்படி இல்ல, ஃபைலோட பெர்மிஷன், ஓனர் மாதிரி விவரங்கள் மாறினாலும் அது மாறிடும். மூணுமே 1970 ஜனவரி 1லருந்து எத்தனை விநாடி ஆச்சுங்கிற ஒரு எண்தான். என் ஸ்கிரிப்ட் எம்டைமைத்தான் படிச்சுச்சு.

சிக்கல் என்னன்னா, கிட் அந்த எம்டைமை எங்கேயும் சேமிக்கிறதே இல்ல. ஃபைலோட பேரு, உள்ளடக்கம், அதை இயக்கலாமா வேண்டாமாங்கிற குறிப்பு, இதோட சரி. குளோன் பண்ணும்போது எல்லா ஃபைலையும் அந்த நிமிஷத்துல புதுசா எழுதுது. அதனால எல்லாத்துக்கும் அந்த நிமிஷமே எம்டைம்.

கிட் மேல கோவப்படுறதுக்கு முன்னாடி இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். 1976ல பெல் லேப்ஸ்ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்'னு ஒரு கருவி எழுதினார். மூல ஃபைலோட எம்டைம், அதுலருந்து உருவான ஃபைலோட எம்டைமைவிடப் புதுசா இருந்தா மட்டும் திரும்ப கம்பைல் பண்ணும். இப்ப யோசிங்க. நீங்க ஒரு பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போறீங்க. கிட் அந்த ஃபைலுக்குப் பழைய தேதியையே போட்டுட்டா, 'மேக்' அதைப் பார்த்துட்டு "இது பழசுதானே, ஒண்ணும் மாறல"ன்னு சும்மா இருந்துடும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல்ல கிட்டை எழுதினது லினக்ஸ் கெர்னலுக்காக. அவங்களுக்கு ஒழுங்கா கம்பைல் ஆகுறது முக்கியம். அதனால "இந்த மெஷின்ல இந்த ஃபைல் எப்ப மாறுச்சு"ங்கிறதுக்கு எம்டைம், "வரலாற்றுல எப்ப மாறுச்சு"ங்கிறதுக்கு கமிட் லாக்னு ரெண்டையும் தனித்தனியா வச்சுட்டாங்க.

விக்கி நடத்துறவங்களுக்கு இது பழைய தலைவலி. 2006ல ஜோயி ஹெஸ் எழுதின இக்கிவிக்கி, பக்கங்களை கிட் மாதிரி வெர்ஷன் கன்ட்ரோல்ல வைக்கிற விக்கி. பக்கத்தோட நேரத்தை ஃபைல்கிட்ட கேட்காம, லாக்கைப் படிச்சு எடுக்க அதுல தனியா ஒரு வசதியே இருக்கு. நான் அதைப் பார்த்துக் கத்துக்கிட்டிருக்கணும். நமக்குத்தான் எல்லாம் தெரியுமே!

நம்ம ஊருக்கு இது புதுசு இல்ல

ஓலைச்சுவடியும் இப்படித்தான். கரையான், பூச்சி, ஈரம் எல்லாம் தாண்டி ஒரு ஓலை சில நூறு வருஷம் நின்னாலே பெருசு. அதனால பழசு சிதையறதுக்குள்ள புது ஓலையில பார்த்து எழுதிக்கிட்டே வந்தாங்க. உங்க கையில இருக்கிற ஓலையோட வயசும், அதுக்குள்ள இருக்கிற நூலோட வயசும் வேற வேற. ஏடு எழுதினவர் கடைசியில இன்ன வருஷம், இன்ன மாசம் எழுதி முடிச்சேன்னு குறிப்பு போடுவார். தெக்குப் பக்கம்னா பெரும்பாலும் கி.பி. 825ல தொடங்குற கொல்லம் ஆண்டு. அந்தத் தேதி நகல் எடுத்த தேதி, அதாவது குளோன் பண்ண தேதி.

சில பேர் வெறும் வருஷப் பேரை மட்டும் போட்டிருப்பாங்க. அதுல இன்னொரு பக் இருக்கு. பிரபவ, விபவன்னு போற 60 வருஷமும் முடிஞ்சா திரும்ப முதல்லருந்து ஆரம்பிக்கும். 'விரோதி வருஷம்'னு மட்டும் இருந்தா அது 1829ஆ, 1889ஆ, 1949ஆ? வருஷத்துக்கு ரெண்டு இலக்கம் மட்டும் வச்சு 2000ல உலகமே பயந்துச்சே, கிட்டத்தட்ட அதே கதை.

ராஜாக்களோட கல்வெட்டுல இன்னொரு முறை. "இன்னாருக்கு மூணாவது ஆட்சியாண்டு"ன்னு இருக்கும். அது அந்த ராஜா பட்டத்துக்கு வந்ததுலருந்து எண்ணுற எண்ணிக்கை. அவர் எப்ப பட்டத்துக்கு வந்தார்னு வேற எங்கிருந்தாவது தெரிஞ்சாத்தான் அந்த மூணுக்கு அர்த்தம்.

அந்த 'வேற எங்கிருந்தாவது' நம்ம ஊர்லயே இருக்கு.

யானைமலையில ரெண்டு பேரு

மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டுல போனா ஹைகோர்ட் பெஞ்ச், அப்புறம் ஒத்தக்கடை. படுத்திருக்கிற யானை மாதிரி அந்த மலை. அடிவாரத்துல நரசிங்கம் கிராமம். அங்க பாறையைக் குடைஞ்சு செஞ்ச நரசிங்கப் பெருமாள் கோயில். சின்ன வயசுலருந்து பஸ்ல போகும்போது பார்த்த மலைதான். அங்க ரெண்டு கல்வெட்டு இருக்குன்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

ஒண்ணு கிரந்த எழுத்துல இருக்கிற சமஸ்கிருதக் கல்வெட்டு. பாண்டியன் பராந்தகனோட அமைச்சர் மாறன்காரி இந்தக் கோயிலை எடுத்ததைச் சொல்லி, கலி ஆண்டு 3871ன்னு கொடுக்குது. கலி கணக்கு கி.மு. 3102ல தொடங்குது. யூனிக்ஸ் 1970லருந்து விநாடி எண்ணுற மாதிரி, இது அங்கிருந்து வருஷம் எண்ணுது. 3871ல 3101ஐக் கழிச்சா கி.பி. 770. எந்த ராஜா எப்ப பட்டத்துக்கு வந்தாலும் இந்த எண் மாறாது.

ரெண்டாவது வட்டெழுத்துல இருக்கிற தமிழ்க் கல்வெட்டு. இது சொல்றது கொஞ்சம் மனசைத் தொடுற விஷயம். மாறன்காரி கற்றளி செஞ்சார். ஆனா நீர் தெளிச்சுக் கோயிலைப் பிரதிஷ்டை பண்றதுக்கு முன்னாடியே இறந்துட்டார். அவருக்கு அப்புறம் அதே அமைச்சர் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன், முகமண்டபத்தைக் கட்டி, நீர் தெளிச்சு முடிச்சார்.

இதைப் படிச்சதும் எனக்கு கிட்தான் ஞாபகம் வந்துச்சு. ஒவ்வொரு கமிட்லயும் ரெண்டு பேரு, ரெண்டு தேதி இருக்கும். எழுதினவர் ஆத்தர். அதை எடுத்து மரத்துல சேர்த்தவர் கமிட்டர். லினக்ஸ்ல ஒருத்தர் மெயில்ல பேட்ச் அனுப்புவார், இன்னொருத்தர் சில வாரம் கழிச்சு அதைச் சேர்ப்பார். முதல் ஆளோட உழைப்பு மறையக் கூடாது, ரெண்டாவது ஆளோட பொறுப்பும் மறையக் கூடாதுன்னு ரெண்டையும் வச்சாங்க. மாறன் எயினனும் அதைத்தான் பண்ணியிருக்கார். கோயிலை முடிச்சது அவர்தான், முழுப் பேரையும் அவரே எடுத்துக்கிட்டிருக்கலாம். ஆனா செஞ்சது அண்ணன், நீர் தெளிச்சது நான்னு பிரிச்சு வெட்டி வச்சிருக்கார். அந்தத் தமிழ்க் கல்வெட்டுல ஆண்டு இல்ல. ஆண்டுக்கு நீங்க சமஸ்கிருதக் கல்வெட்டைப் பார்க்கணும், என்ன நடந்துச்சுன்னு தெரிய தமிழ்க் கல்வெட்டைப் பார்க்கணும்.

வேள்விக்குடி: ஒரு ரிவர்ட்

இந்த மாறன்காரியோட பேரு இன்னொரு இடத்துலயும் வருது. வேள்விக்குடிச் செப்பேடு. பத்து செப்புத் தகடு, சமஸ்கிருதமும் தமிழும் கலந்து. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனோட மூணாவது ஆட்சியாண்டுல வெட்டினது. எச். கிருஷ்ண சாஸ்திரி இதைப் பதிப்பிச்சு, எபிகிராபியா இண்டிகா 17ஆம் தொகுதியில வந்துச்சு. வெறும் 'மூணாவது ஆண்டு'தானே, அதுக்கு எப்படி கி.பி. 769–770னு வரலாற்று நூல்ல போடுறாங்க? செப்பேட்டுல ஆணத்தியா, அதாவது ராஜாவோட ஆணையை நிறைவேத்துற அதிகாரியா, இதே மாறன்காரி இருக்கார். யானைமலைக் கல் 770ன்னு சொல்லுது. ஒரு ஃபைல்ல தேதி இல்லாட்டியும், பக்கத்து ஃபைல்ல இருக்கிற அதே ஆளை வச்சுக் கண்டுபிடிச்ச மாதிரி.

கதை இதுதான். சங்ககாலத்துல பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதின்னு ஒரு பாண்டியன். புறநானூற்றுல வர்ற அதே ராஜா. அவர் பாகனூர்க் கூற்றத்துல ஒரு ஊரைக் கொற்கைகிழான் நற்கொற்றனுக்குக் கொடுத்தார். வேள்வி முடிச்ச இடம்ங்கிறதால வேள்விக்குடின்னு பேரு. ரொம்ப காலம் அந்தக் குடும்பம் அனுபவிச்சுச்சு. அப்புறம் களப்பிரர் வந்தாங்க, ஊர் போச்சு. பிறகு கடுங்கோன் களப்பிரரை ஜெயிச்சு பாண்டிய ஆட்சியை மீட்டார். ஆனா ஊர் திரும்பி வரல. கடுங்கோன்லருந்து ஏழாவது தலைமுறையா நெடுஞ்சடையன். அவர் மதுரைத் தெருவுல வரும்போது நற்கொற்றன் வழியில வந்த காமக்காணி நற்சிங்கன் முன்னாடி நின்னு முறையிட்டார்: எங்க ஊரு, திருப்பிக் கொடுங்க.

இதை ஒரு நாள் கிட் லாக் மாதிரி எழுதிப் பார்த்தேன்.

ஒண்ணு: ஊர் நற்கொற்றனுக்கு. பதிஞ்சவர் முதுகுடுமி.
ரெண்டு: ஊர் பறிப்பு. பதிஞ்சவங்க களப்பிரர்.
மூணு: நாடு மீட்பு. பதிஞ்சவர் கடுங்கோன். ஊரைப் பத்திப் பேச்சில்ல.
நாலு: ரெண்டாவதை ரத்து செய்தது. பதிஞ்சவர் நெடுஞ்சடையன், ஆட்சியாண்டு 3, ஆணத்தி மாறன்காரி.

கிட்ல தப்பைச் சரி பண்ண ரெண்டு வழி இருக்கு. ரீசெட் பண்ணிட்டு நடந்ததே நடக்கலன்னு துடைச்சுடலாம். இல்ல ரிவர்ட் பண்ணி, நடந்ததையும் அதை ரத்து பண்ணதையும் ரெண்டையுமே வரலாற்றுல வச்சுக்கலாம். செப்பேடு ரிவர்ட் வழியில போயிருக்கு. ஊர் கைவிட்டுப் போன காலத்தையும் மறைக்காம எழுதியிருக்காங்க. களப்பிரர் காலத்தைப் பத்திப் பேசுற எல்லாரும் இன்னைக்கு இந்தச் செப்பேட்டைத் தொடாம போக முடியாதுன்னா, அதுக்குக் காரணம் அந்த ஒரு 'ரத்து செய்த' வரிதான்.

ஆனா இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். மேல நான் எழுதின நாலு வரியில, முதல் மூணும் அந்தந்தக் காலத்துல பதிஞ்சது கிடையாது. நாலும் ஒரே நேரத்துல, ஊரைத் திரும்ப வாங்கும்போது செம்புல ஏறினது. கிட் தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். கமிட் பண்ணும்போது தேதியை நம்ம இஷ்டத்துக்குக் கொடுக்கலாம். நான் நினைச்சா இப்பவே 1998 தேதியில ஒரு கமிட் போட முடியும், கிட் ஏன்னு கேட்காது. அதனால வேள்விக்குடிச் செப்பேடு 769–770க்கு நேரடிச் சாட்சி. முதுகுடுமி காலத்துக்கு அது, அப்ப அவங்க என்ன நம்பினாங்க, என்ன உரிமை கேட்டாங்கங்கிறதுக்குச் சாட்சி. ரெண்டுக்கும் நடுவுல பல நூறு வருஷம் இருக்கு.

இந்தச் சந்தேகம் நமக்கு மட்டும் வரல. ராஜாவுக்கே வந்திருக்கு. நற்சிங்கன் கேட்டதும் அப்படியே தூக்கிக் கொடுத்துடல. நாட்டாரைக் கொண்டு உன் பழைய உரிமையைக் காட்டிட்டு வாங்கிக்கோன்னு சொன்னதாச் செப்பேடு சொல்லுது. 'நாடு'ன்னா அந்தப் பகுதி மக்கள், அந்த மண்ணை அறிஞ்சவங்க. நற்சிங்கன் அப்படியே காட்டினார். அதுக்கு அப்புறம்தான் செம்புல ஏறுச்சு. அதுலயும் ஆணத்தி யாரு, தமிழ்ப் பகுதியை எழுதினது யாரு, தகட்டுல வெட்டினது யாருன்னு பேரு பேரா இருக்கு. 2004லருந்து லினக்ஸ்ல ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அடியில 'சைன்ட் ஆஃப் பை'ன்னு பேரு போட்டுப் பொறுப்பு ஏத்துக்கிறாங்களே, அந்த மாதிரி.

மறுபடியும் கண்மாய்க்கு

பாகனூர்க் கூற்றம்னு சொன்னேன்ல? சோழவந்தானைப் பழைய கல்வெட்டுகள் அந்தக் கூற்றத்துலதான் வைக்குது. எனக்கு போன் பண்ணவரோட ஊர்ப் பக்கம்தான். இந்தச் செப்பேட்டைப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

நான் முதல்ல பண்ண சரிப்படுத்தல் சுலபமானது. ஸ்கிரிப்ட் இனிமே எம்டைமைப் பார்க்காது. ஒவ்வொரு ஃபைலுக்கும் கிட் லாக்ல கடைசி கமிட் எதுன்னு கேட்டு, அந்தத் தேதியைப் போடும். நீங்களும் இதைப் பண்றீங்கன்னா ரெண்டு பள்ளம் இருக்கு, பார்த்துக்கோங்க. ஒண்ணு, தானியங்கியா பில்ட் பண்ற சர்வீஸ்கள் நேரத்தை மிச்சப்படுத்த கடைசி கமிட்டை மட்டும் இறக்கும். அப்ப லாக்ல ஒரே ஒரு கமிட்தான் இருக்கும், எல்லாப் பக்கமும் திரும்ப ஒரே தேதிக்கு வந்துடும். முழு வரலாற்றையும் இறக்கச் சொல்லணும். ரெண்டு, ஃபைலோட பேரை மாத்தினா லாக் அந்த இடத்தோட நின்னுடும். பழைய பேரையும் தொடர்ந்து போன்னு 'ஃபாலோ' கொடுத்துக் கேட்கணும்.

சரியாச்சுன்னு நினைச்சேன். ரெண்டு வாரம் கழிச்சு, சில பக்கத்துல 'கம்மாய்'னும் சில பக்கத்துல 'கண்மாய்'னும் இருக்கேன்னு, எல்லா ஃபைல்லயும் ஒரே கமிட்ல மாத்தினேன். திரும்பப் பார்த்தா எல்லாப் பக்கத்துக்கும் அன்னைக்குத் தேதி! இந்தத் தடவை கிட் மேல தப்பில்ல. பக்கம் உண்மையிலேயே அன்னைக்குத்தான் மாறுச்சு. ஆனா எந்தக் கண்மாயையும் அன்னைக்கு யாரும் போய்ப் பார்க்கல.

அப்பத்தான் பெரியவர் கேட்டது உறைச்சுச்சு. அவர் "எப்ப மாத்துனீங்க"ன்னு கேட்கவே இல்ல. "எப்பப் பார்த்தீங்க"ன்னு கேட்டார். அந்தத் தேதி ஃபைல்லயும் இல்ல, லாக்லயும் இல்ல. யாராவது ஒருத்தர் கரையில நின்னு பார்த்துட்டு வந்து எழுதினாத்தான் உண்டு.

இப்ப எங்க ஒவ்வொரு பக்கத்துலயும் ரெண்டு வரி இருக்கு. "பக்கம் மாற்றியது", இது லாக்லருந்து தானா வரும். "நேரில் பார்த்தது", இதைக் கையால மட்டும்தான் எழுத முடியும். பார்த்தது எங்க குழுவா, ஊர்க்காரரான்னும் இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா, "பழைய தகவல், போகும் முன் ஊரில் கேளுங்கள்"னு சிவப்புல வரும். பாதிக்கு மேல பக்கங்கள் இப்ப சிவப்பாத்தான் நிக்குது. பார்க்க அசிங்கமா இருக்கு. ஆனா உண்மை அதுதான்.

போன மாசம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். கால் பிசகின தம்பி நல்லா நடக்கிறான், சிரிச்சான். நான் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் என்னையக் கரைமேல கூட்டிட்டுப் போனார். ரெண்டு மடையையும் மறுகாலையும் காட்டினார். நான் அங்கேயே நின்னு போன்ல பக்கத்தைத் திருத்தினேன். "யாரு பார்த்ததுன்னு போடணும், உங்களைப் போட்டுக்கவாங்கய்யா?"ன்னு கேட்டேன்.

"பேரெல்லாம் வேணாம் தம்பி. ஊர்க்காரங்க பார்த்தோம்னு போடுங்க. அடுத்த மழைக்கு முன்னாடி மறுபடி வந்து கேளுங்க"ன்னார்.

அப்படியே போட்டிருக்கேன். புரட்டாசிக்குப் போகணும். உங்க ஊர்க் கண்மாய்ப் பக்கம் சிவப்பா இருந்தா, ஒரு சாயங்காலம் கரைமேல நடந்துட்டு வந்து எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.